மெக்ஸிகன் உணவகத்தில் ஒயினுக்கு ஏன் இரண்டே வரி?

சில வருடங்களுக்கு முன்னால் அலுவலக வேலையாக ஆறு வாரம் டெக்ஸாஸில் இருக்க நேர்ந்தது. தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்ஸிகன் உணவகம். ஆடம்பரமெல்லாம் கிடையாது. உட்கார்ந்தவுடன் கேட்காமலே சிப்ஸும் சல்ஸாவும் வரும். பக்கத்து மேஜையில் குழந்தைகள் க்ரேயான் வைத்துக் கிறுக்கிக்கொண்டிருக்கும். பீன்ஸ், சோறு, காரமான சட்னி என்று நம் நாக்குக்கு அமெரிக்காவில் உடனே ஒத்துப்போகும் சாப்பாடு அதுதான் என்பதால் வாரத்துக்கு மூன்று நாள் அங்கேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மொத்த டீமும் அங்கே போனோம். மெனுவின் கடைசிப் பக்கத்தை அன்றுதான் கவனித்தேன். மார்கரீட்டாவுக்கு அரைப் பக்கம். டெக்கீலா இருபதுக்கு மேல். பியர் ஒரு டஜன். கடைசியில் ஒயின் இரண்டே வரி: ஹவுஸ் ரெட், ஹவுஸ் ஒயிட். எந்த ஊர், எந்த வருடம், என்ன திராட்சை, ஒன்றும் இல்லை. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் ஒயின் பிரியர். ஆசையாக சிவப்பு ஒயின் கேட்டார். பாட்டில் திறந்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்துவிட்டார். "மெக்ஸிகோக்காரர்களுக்கு ஒயின் கலாசாரமே கிடையாது, அதுதான் இப்படி" என்றார். மேஜையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

பிறகு ஊருக்கு வந்து சும்மா இருக்க முடியாமல் மெக்ஸிகோ சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தேன். அன்று தலையாட்டியதற்கு வெட்கமாக இருந்தது. விஷயம் அப்படியே தலைகீழ். (மது பக்கமே போகாதவர்களும் தாராளமாக மேலே படிக்கலாம். இது குடியைப் பற்றிய கதை என்பதைவிடச் சட்டத்தைப் பற்றிய கதை.)

ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே மெக்ஸிகோவில் காட்டுத் திராட்சை உண்டு. ஆனால் அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒயின் வராது, புளிக்கும். அஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் 1521-ல் வீழ்ந்தது. மூன்றே வருடத்தில், 1524-ல், வெற்றி பெற்ற தளபதி எர்னான் கோர்ட்டேஸ் ஓர் ஆணை போட்டார். நிலமும், அதில் வேலை செய்யப் பூர்வகுடி மக்களும் 'ஒதுக்கப்பட்ட' ஒவ்வொரு ஸ்பானியரும், தன் கீழே இருக்கும் 100 பேருக்கு 1000 திராட்சைக் கொடி என்ற கணக்கில் வருடா வருடம் நட வேண்டும். நட்டவர்கள் யார், யாருக்காக நட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்பானியர்களுக்குச் சாப்பாட்டோடு ஒயின் வேண்டும். பாதிரியார்களுக்குப் பூசைக்கு ஒயின் இல்லாமல் ஆகாது. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வரும் பீப்பாய்கள் மாதக்கணக்கில் கடலில் கிடந்து பாதி கெட்டுப்போய்த்தான் வந்து சேரும். அதற்கு அங்கேயே நட்டுவிடுவது மேல். அப்படி வந்த கொடிகளில் முக்கியமான ஒன்றுக்கு மிஸியோன் என்று பெயர். மரபணுச் சோதனையில் அது ஸ்பெயினின் லிஸ்தான் ப்ரியெத்தோ என்ற ரகம் என்று பிற்பாடு தெரிய வந்தது.

வடக்கே, இன்றைய கோவாவீலா மாநிலத்தில், வறண்ட பூமிக்கு நடுவே நல்ல ஊற்றுத் தண்ணீர் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. காட்டுத் திராட்சை மண்டிக் கிடந்ததால் அதற்கு பார்ராஸ் என்றே பெயர் வந்துவிட்டது. பார்ராஸ் என்றால் திராட்சைக் கொடிகள். அங்கே லொரென்சோ கார்சியா என்பவருக்குத் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்ய ஸ்பெயின் அரசரின் பெயரால் 1597-ல் நிலம் வழங்கப்பட்டது. அந்த இடத்தில் இன்றும் ஒயின் செய்கிறார்கள். காசா மதேரோ என்று பெயர். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் சேர்த்து மிகப் பழைய ஒயின் ஆலை அதுதான். கலிஃபோர்னியாவில் முதல் கிறிஸ்தவ மிஷன் கட்டிய 1769-ம் வருடத்துக்கு 170 வருடத்துக்கும் மேல் மூத்தது. ஒயின் கலாசாரம் இல்லாதவர்கள் என்று நாங்கள் தலையாட்டியது இந்த நாட்டைப் பற்றித்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று?

கொடி நன்றாகவே வளர்ந்தது. அதுதான் பிரச்சினை. ஸ்பெயினில் ஒயின் விற்றுப் பிழைத்த வியாபாரிகளுக்கு மெக்ஸிகோவும் பெருவும் கட்டாயச் சந்தை. காலனியே சொந்தமாக ஒயின் செய்துகொண்டால் இவர்கள் யாருக்கு விற்பது? 1595-ல் இரண்டாம் ஃபிலிப் அரசர் காலனிகளில் புதிதாகத் திராட்சை நடக் கூடாது என்று உத்தரவு போட்டார். எழுபது வருடத்துக்கு முன் நட்டே ஆக வேண்டும் என்றார்கள், இப்போது நடவே கூடாது என்றார்கள். பார்ராஸ் போன்ற தூரத்து ஊர்களில் உத்தரவு அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. 1699-ல் இரண்டாம் கார்லோஸ் காலத்தில் மறுபடி தடை வந்தது. இந்த முறை தேவாலயத் தேவைக்கு மட்டும் விதிவிலக்கு.

அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒயின் பாதிரியார் கோப்பையிலும் பணக்கார ஸ்பானியர் மேஜையிலும் மட்டும் தங்கிவிட்டது. சாதாரண ஜனங்கள் வீட்டில் திராட்சை நட்டு, வருடத்துக்கு நாலு பானை ஒயின் செய்து, சாப்பாட்டோடு அரை டம்ளர் குடிக்கும் பழக்கம் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் எப்படி வளர்ந்ததோ, அப்படி மெக்ஸிகோவில் வளர இடமே கொடுக்கவில்லை.

ஜனங்கள் குடித்தது புல்கே. மகேய் என்ற பெரிய கற்றாழை மாதிரிச் செடியின் நடுக்குருத்தைக் குடைந்தால் இனிப்பான சாறு ஊறும். அது புளித்தால் புல்கே. வெள்ளையாக, கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். நமக்குப் புரியும்படி சொன்னால் மெக்ஸிகோவின் கள். கள்ளைப் போலவே ஓரிரு நாளில் கெட்டுவிடும், தூரம் போகாது. கள்ளைப் போலவே அரசாங்கத்துக்கு அதன் மீது ஒரு பக்கம் வெறுப்பு, இன்னொரு பக்கம் வரி வருமானம். ஸ்பானிய அரசு புல்கே வரியில் நன்றாகவே சம்பாதித்தது.

இப்போது கதையில் ஒரு பாதிரியார் வருகிறார். மிகேல் இதால்கோ. 1803-லிருந்து டொலோரெஸ் என்ற சிற்றூரில் பங்குத் தந்தை. தன் ஊர் ஏழை மக்கள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று மண்பாண்டம், தோல் பதனிடுதல், தேனீ வளர்ப்பு, பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை, ஆலிவ், திராட்சை என்று எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தார். ஆலிவும் திராட்சையும் ஸ்பெயினின் தொழில்கள். அதிகாரிகள் வந்து அவர் வளர்த்த கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் இதே இதால்கோதான் தேவாலய மணியை அடித்து ஜனங்களைத் திரட்டி விடுதலைப் போரைத் தொடங்கினார். அடுத்த வருடமே பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். போருக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. திராட்சைக்காகப் புரட்சி வந்தது என்று சொன்னால் அது சினிமா வசனம். ஆனால் தன் மண்ணில் எதைப் பயிரிடுவது என்று தானே தீர்மானிக்க முடியாத நிலை அந்தக் காரணங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை.

விடுதலை 1821-ல் கிடைத்தது. அப்போதாவது ஒயின் பிழைத்திருக்க வேண்டுமே? பிழைக்கவில்லை, காலம் தப்பிவிட்டது. போர், உள்நாட்டுக் குழப்பம், 1848-ல் பாதி நாட்டை அமெரிக்காவிடம் இழந்தது என்று ஒன்று மாற்றி ஒன்று. அமைதி கொஞ்சம் திரும்பிய 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சில ஆலைகள் எழுந்தன. பாஹா கலிஃபோர்னியாவில் 1888-ல் சான்டோ தோமாஸ் ஆலை வந்தது. 1893-ல் எவரிஸ்தோ மதேரோ பார்ராஸின் பழைய ஆலையை வாங்கினார், அதனால்தான் காசா மதேரோ. அவருடைய பேரன் பிரான்சிஸ்கோ மதேரோதான் 1910 புரட்சியைத் தொடங்கி, 1911-ல் குடியரசுத் தலைவராகி, 1913-ல் கொலையுண்டவர். முதலில் ஒரு திராட்சை வளர்த்த பாதிரியார், பிறகு ஒரு ஒயின் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. மெக்ஸிகோவின் இரண்டு பெரிய எழுச்சிகளிலும் திராட்சைத் தோட்டம் எங்கோ பின்னணியில் நிற்கிறது :-)

அந்தப் புரட்சியில் பத்து வருடம் நாடு பற்றியெரிந்தது. தோட்டங்கள் பாழாயின. இதற்குள் மேஜையை வேறொருவர் பிடித்துவிட்டார்: பியர். 1890-ல் மான்டெர்ரே நகரில் கௌதேமோக் ஆலை, 1925-ல் மெக்ஸிகோ நகரில் மொடேலோ ஆலை. ரயில், ஐஸ், கண்ணாடிப் புட்டி மூன்றும் சேர்ந்ததும் பியர் நாடு முழுக்கப் போனது. புல்கே அசுத்தமானது, அதைப் புளிக்க வைக்கச் சாணத்தைப் போடுகிறார்கள் என்றெல்லாம் ஒரு கதை பரவியது. பியர் நவீனம், புல்கே பட்டிக்காடு. ஒயினோ போட்டியிலேயே இல்லை. 20-ம் நூற்றாண்டின் நடுவில் மெக்ஸிகோவில் விளைந்த ஒயின் திராட்சையில் பெரும்பகுதி பிராந்தி காய்ச்சப் போனது.

இதுவரை சொன்னது மெக்ஸிகோ. நாங்கள் சாப்பிட்டதோ டெக்ஸாஸில். எல்லைக்கு வடக்கே இருக்கும் மெக்ஸிகன் உணவகத்துக்குத் தனிச் சரித்திரம் இருக்கிறது.

சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் 1880-களில் மெக்ஸிகன் பெண்கள் இரவில் விளக்கு வைத்து, மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று பெயர். நம் ஊர்க் கையேந்தி பவன் மாதிரிதான். ஏழைகளும் வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரர்களும் ஒன்றாக நின்று சாப்பிட்டார்கள். சுகாதாரம் என்ற பெயரில் நகராட்சி 1930-களில் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆக இந்தச் சாப்பாடு அமெரிக்காவில் 'மலிவான சாப்பாடு' என்ற முத்திரையோடுதான் அறிமுகமானது. பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கு 50 டாலர் கொடுக்கத் தயங்காதவர் டாக்கோவுக்கு 10 டாலர் என்றால் முறைப்பார். விலை ஏற்ற முடியாத கடையில் நல்ல ஒயினை வாங்கி அடுக்க யாருக்குத் துணிவு வரும்?

இரண்டாவது காரணம் ஒரு இயந்திரம். டெக்ஸாஸில் உணவகத்தில் டெக்கீலா போன்ற கடுமதுவைக் கோப்பையில் ஊற்றி விற்கவே 1971 வரை அனுமதியில்லை. வேண்டுமானால் வாடிக்கையாளர் தன் பாட்டிலைப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். 1970 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து சட்டம் மாறியது. அடுத்த வருடமே டல்லாஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற இளைஞர் உணவகம் திறந்தார். மார்கரீட்டாவுக்கு ஏகக் கூட்டம். மிக்ஸியில் ஒவ்வொன்றாக அரைத்து பார்மேனுக்குக் கை ஓய்ந்தது, ருசியும் ஒரு கோப்பைக்கு ஒரு மாதிரி. ஒரு கடையில் ஐஸ் பானம் தரும் இயந்திரத்தைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. பழைய மென் ஐஸ்க்ரீம் இயந்திரம் ஒன்றை வாங்கி மாற்றியமைத்து, 1971 மே மாதம் உலகின் முதல் உறைந்த மார்கரீட்டா இயந்திரத்தை ஓட்டினார். அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இயந்திரத்தில் இருக்கும் மார்கரீட்டா கெடாது, லாபம் அதிகம், யார் வேண்டுமானாலும் பிடித்துக் கொடுக்கலாம். ஒயின் பாட்டிலைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் காலி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் என் நண்பருக்கு வந்தது மாதிரிதான் வரும். இரண்டு வரிக்கு மேல் ஏன் எழுதப் போகிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல மாநிலங்களில் கடுமது விற்க உரிமம் வாங்குவது செலவும் சிரமமும் அதிகம். பியர், ஒயின் மட்டும் விற்கும் உரிமம் சுலபம். சிறிய மெக்ஸிகன் கடைகள் பல இந்தச் சின்ன உரிமத்தோடு இருப்பவை. ஆனால் வாடிக்கையாளர் மார்கரீட்டா கேட்பாரே? அதற்காகவே அகாவே செடியிலிருந்து செய்த 'அகாவே ஒயின்' என்று ஒன்று வருகிறது. அதை டெக்கீலாவுக்குப் பதில் ஊற்றி மார்கரீட்டா போடுகிறார்கள். ஒயின் விற்க உரிமம் உள்ள கடையில் ஒயின்கூட மார்கரீட்டா வேஷம் கட்டிக்கொண்டுதான் மேஜைக்கு வர வேண்டியிருக்கிறது.

மிளகாய்க்கும் ஒயினுக்கும் ஒத்துப்போகாது என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு காரத்தோடு சேர்ந்தால் கசக்கும். ஆக 'ஹவுஸ் ரெட்' என்று வரும் கனமான சிவப்பு ஒயின்தான் அங்கே இருப்பதிலேயே மோசமான தேர்வு. ஆனால் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், புளிப்பான அல்பரீன்யோ, நுரைக்கும் ஒயின் எல்லாம் எலுமிச்சை பிழிந்த மீனோடும் பச்சைத் தக்காளிச் சட்னியோடும் அழகாகப் போகும். குற்றம் மிளகாய் மேல் இல்லை.

எனக்கு மனசில் தைத்தது அடுத்த விஷயம்தான். கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெற்ற ஒயின் பூமி. அங்கே கொடியைக் கவாத்து பண்ணுவதும், பழம் பறிப்பதும் பெரும்பாலும் மெக்ஸிகோக்காரர்கள். 1942 முதல் 1964 வரை இரண்டு அரசுகளும் போட்ட ப்ரசெரோ ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானோர் அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். 1965-ல் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்களும் மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தம் ஐந்து வருடம் நீடித்தது. ஷென்லி என்ற மது நிறுவனம்தான் 1966-ல் முதலில் இறங்கி வந்து தொழிற்சங்கத்தை ஏற்றது.

ஆக, அந்த நாட்டின் நல்ல ஒயின்கள் பலவற்றிலும் மெக்ஸிகோக்காரர் கை பட்டிருக்கிறது. அதே கைகள் நடத்தும் உணவகத்தில் மட்டும் ஒயின் இரண்டு வரி. அதைப் பார்த்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள், இவர்களுக்கு ஒயின் தெரியாது என்கிறோம்.

இது மாறிக்கொண்டு வருகிறது. 1968-ல் பதினாறு வயதில் மிச்சோகானிலிருந்து நாப்பாவுக்குக் கூலி வேலைக்கு வந்த ரெய்னால்டோ ரொப்லேதோ, பிற்காலத்தில் சொந்த ஒயின் ஆலை வைத்து 2003-ல் ருசிப்புக் கூடமும் திறந்தார். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் வந்த செஹா குடும்பத்தினர் 1999-ல் தங்கள் பெயரிலேயே ஆலை தொடங்கினார்கள். மெக்ஸிகோவிலும் 1987-ல் மோன்டே ஷானிக் ஆலை வந்ததிலிருந்து பாஹாவின் குவாடலூப்பே பள்ளத்தாக்கு விழித்துக்கொண்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள். நாட்டின் ஒயினில் பெரும்பகுதி அங்கிருந்துதான். இருந்தாலும் ஒயின் மீது சிறப்பு வரி 26.5 சதவீதம், அதன் மேல் மதிப்புக்கூட்டு வரி 16 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 100 பெசோ ஒயின் 147 பெசோ ஆகிவிடும். பியருக்கும் இதே விகிதம்தான் என்றாலும், சின்ன ஆலையில் கையால் செய்யும் ஒயினின் அடக்க விலையே அதிகம் என்பதால் அடி பலமாக விழுகிறது. அரசன் போய்விட்டான், வரி போகவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு புனேயில் எங்கள் வீட்டுப் பக்கத்து 'சவுத் இண்டியன்' ஹோட்டலுக்கு முன்பு மாதிரி போய் உட்கார முடியவில்லை. அங்கே மெனு என்ன? இட்லி, வடை, மசாலா தோசை, உத்தப்பம், கொஞ்சம் இனிக்கும் சாம்பார். என் மகளின் தோழி ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் வத்தக்குழம்பையும் மீன் குழம்பையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களா? நீங்க தினமும் இட்லி தோசைதானே?" என்று கேட்டாள். குழந்தை, தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. மெனு கார்டில் பார்த்ததைச் சொன்னாள். அந்த மெனுவை எழுதியது நம் சமையலறை இல்லை. இங்கே எது விற்கும், எந்த விலைக்கு விற்கும் என்ற கணக்கு எழுதியது.

டெக்ஸாஸில் நான் செய்ததும் அந்தக் குழந்தை செய்ததும் ஒன்றுதான். என்ன, எனக்கு வயது நாற்பதுக்கு மேல்.

அந்த நண்பர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். போன மாதம் போனில் பேசும்போது பார்ராஸ் கதையைச் சொன்னேன். "1597-ஆ?" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் மெனுவில் காசா மதேரோ இருக்கிறதா என்று கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் பேசாமல் பியர் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஹவுஸ் ரெட் மட்டும் வேண்டாம் என்றேன்.